உறுமியும் துப்பாக்கி ஓசையும்

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாந்தர மாணவர் மூவர் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றனர். கலைவிழாவில் நடனமாட அனுமதி வேண்டுமென்றனர். எந்தப் பாட்டு என்று வினவினேன். “இங்கிலிஷ் பாட்டுத்தான், ரீச்சர். ஆனா பாடினவ எங்கட ஆள்” என்று கூறி ஒருவன் கைத்தொலைபேசியை மேசைமீது வைத்தான். சோம்பல் தொனிக்கும் மெல்லிய இசையுடன் பாட்டுத் தொடங்கியது. பல்லவியில் சொற்கள் திடீரென நின்றன. அவ்விடத்தில் நான்கு வெடியோசைகள் தாளம் தவறாது ஒலித்தன. துப்பாக்கியில் மீண்டும் ரவை ஏற்றும் ஓசையும், கல்லாப்பெட்டி திறக்கும் மணியோசையும் தொடர்ந்தன. மாணவர் தலையசைத்து இரசித்தனர். என் கையோ மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்தது.

யோசித்துச் சொல்வதாகக் கூறி அவர்களை அனுப்பினேன். அப்பாட்டு இடம்பெற்ற இசைத்தட்டு முழுவதையும் அன்றிரவும் அடுத்த சில இரவுகளிலும் கேட்டேன். தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கும் எனக்கு மேனாட்டு நடன இசையை ஆராயும் புலமை கிடையாது. சாதாரணமாகக் கேட்ட ஒருத்தியின் அபிப்பிராயமாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

பாடியவர் மாயா என அறியப்படும் மாதங்கி அருட்பிரகாசம். 1975இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் தாயுடன் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். 2005இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்குத் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதைச் சூட்டினார். 2007 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரான ‘கலா’வைச் சூட்டினார். இதனை அமெரிக்காவில் உருவாக்கவே எண்ணியிருந்தார்; 2006இல் அந்நாட்டு விசா கிடைக்கவில்லை. ஆதலின் இந்தியா, ட்ரினிடாட், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று, ஆங்காங்குள்ள மக்களின் ஓசைகளைத் திரட்டினார்.

அதே ஆண்டில், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள எங்கள் சம்பூர் போரினால் வெறுமையாயிற்று. வெருகல் கடந்து, வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்றோருள் பதினெட்டு வயதுப் பெண்ணாக நானும் ஒருத்தி. 2007 மே மாதத்தில் எங்கள் நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடக்கப்பட்டது. ஊரின் பெரும்பகுதி மக்கள் கைக்கு மீண்டது 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான். அமெரிக்காவினுள் நுழைய முடியாத பாடகிக்கு வேறு பல நாடுகள் திறந்திருந்தன. சொந்த முற்றத்தில் நுழைய முடியாத எங்களுக்கோ கூடாரமொன்றே திறந்திருந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, ‘எங்கட ஆள்’ என்று வெறுமனே பூரிக்க என்னால் இயலவில்லை.

ஆயினும் இசைத்தட்டின் முற்பகுதி என் மனத்தடைகளை உடைத்தெறிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமிக் கலைஞர்களை வைத்துப் பதிவுசெய்த முழக்கம் அதில் இருக்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது உறுமி எழுப்புமே ஒரு குமுறல், அது மின்னிசையின் நடுவே அடங்காமல் எழுகிறது. முதற் பாட்டிலே 1991இல் வந்த ‘தளபதி’ படத்துக்கு இளையராஜா அமைத்த இசையின் துணுக்கொன்று ஓடிவருகிறது. 1982இல் வெளியான ‘டிஸ்கோ டான்சர்’ என்னும் இந்திப் படப் பாட்டொன்று புத்துருவில் பாடப்படுகிறது. அவுஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் குரலும் இடையே கேட்கிறது. ஏழை நாடுகளின் திருவிழாக்கள் எல்லாம் ஒரே வீதியில் திரண்டாற்போன்ற உணர்வு எனக்கு ஏற்பட்டது.

உறுமி முழங்கியபோது மற்றொன்றும் உறைத்தது. தோற்கருவி கொட்டுவோனை நாம் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம்? திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் பறை வேண்டும். கொட்டுபவன் மாத்திரம் எட்டி நிற்கவேண்டும். அவனுடைய பிள்ளை வகுப்பறையில் தகப்பனின் தொழிலைச் சொல்லத் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். அதே இனத்து முழக்கம் இலண்டனைச் சுற்றிக்கொண்டு வந்தால், ‘நவீன இசை’ என்று படித்தவர்களும் கொண்டாடுகிறோம். வெளிநாட்டு முத்திரை விழுந்த பின்னரே நம்மவரின் கலை நமக்குக் கலையாகத் தெரிவது வெட்கத்துக்குரியது. இது பாடகியின் குற்றமன்று, நம்முடையது.

இனி, மாணவர் கொணர்ந்த பாட்டுக்கு வருகிறேன். ‘காகித விமானங்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். அதன் அடிப்படை இசை, ‘த கிளாஷ்’ என்னும் ஆங்கிலேய ரொக் குழுவினர் 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. குடிவந்தோர் படும் அவமதிப்பையும், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பிள்ளைகளின் கதியையும் அப்பாட்டுப் பேசுகிறது. மாயா அந்த இசைமீது ஓர் அங்கதத்தைக் கட்டியிருக்கிறார். குடிவந்தவனைக் கண்டால் இவன் சுடுவான், பணத்தைப் பறிப்பான் என்று அஞ்சும் செல்வந்த நாட்டின் மனத்தையே அவர் எள்ளுகிறார் என்பது என் துணிபு. அங்கனமாயின் வெடியோசைக்கும் கல்லாமணிக்கும் தக்க காரணம் உண்டு. ஆனால் 2008இல் அப்பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. அதற்கு ஆடியவர்களுள் எத்தனை பேருக்கு அங்கதம் புரிந்திருக்கும்? சந்தை தன்மீது எறியப்பட்ட கல்லையும் விலைபேசி விற்க வல்லது.

மறுவாரம் அம்மூவரையும் வகுப்பிலே நிறுத்தி, பாட்டின் பொருளை விளக்கினேன். வாகரையில் அந்த ஓசை கேட்டு நாங்கள் பதுங்குகுழிக்கு ஓடியதையும் சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டனர். பின்னர் ஒருவன் எழுந்து, “அது நாங்கள் பிறக்க முன்னம் நடந்தது, ரீச்சர். எங்களுக்கு அது சும்மா ஒரு சத்தம்தான்” என்றான். அவன் துடுக்காகப் பேசவில்லை, உண்மையையே சொன்னான்.

அதற்கு விடையிறுக்க என்னால் முடியவில்லை. வெடியோசை வெறும் ஓசையாகக் கேட்கும் செவிகள் எங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கவேண்டும் என்றுதானே கூடாரங்களில் இருந்து வேண்டினோம்? அது வாய்த்ததும் நாமே துணுக்குறுவது ஏன்? பிள்ளைகள் அஞ்சாதிருக்க வேண்டும். ஆனால் அறியாதிருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அச்சத்தை ஊட்டாமல் அறிவை மட்டும் கொடுக்கும் வழியை எந்தப் பாடத்திட்டமும் எனக்குக் கற்பிக்கவில்லை.

முடிவை அவர்களிடமே விட்டேன். கலைவிழாவன்று அவர்கள் அதே இசைத்தட்டின் உறுமிப் பாட்டுக்கு ஆடினர். முன்வரிசையில் இருந்த முதியவர்களும் கைதட்டித் தாளமிட்டனர். மாணவர் தம் விருப்பத்தால் பாட்டை மாற்றினரா, ஆசிரியையின் முகத்தைப் பார்த்து மாற்றினரா என்பதை நான் இன்னும் கேட்கவில்லை. அடுத்த தவணையில் கேட்பேன். ஊரிலுள்ள பறைக் கலைஞர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, நாற்காலி இட்டு அமரவைத்து, பாடம் நடத்தச் சொல்வதென்றும் தீர்மானித்திருக்கிறேன்.