மோர் பாட்டில் நாத்தம்

எங்க நாமக்கல் பக்கம் வெயில் காலத்துல லாரிக்குப் போறவங்க, காட்டுக்குப் போறவங்க எல்லார் கையிலயும் ஒரு மோர் பாட்டில் இருக்கும். பத்தே நாள்ல ஒரு புளிச்ச வாடை வரும் பாருங்க... யப்பா! அதுக்குப் பயந்தே நெறைய பேரு மோரை வுட்டுட்டு கடையில கலர் வாங்கிக் குடிக்கறாங்க. அதான் வருத்தம்.

மேட்டர் இதான். மோர்க் கொழுப்பு பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும், வெறும் தண்ணிக்குப் போகாது. மூடி ரப்பருக்குள்ள வேற அழுக்கு. ரப்பரைக் கழட்டி, சோப்பு போட்டுக் கழுவுங்க. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ராத்திரி ஊற வைங்க. புளிப்பு அமிலம், சோடா காரம், வாடை அடங்கிடும். காலைல அலசி, மூடாம காய வைங்க.

உள்ள கீறல் விழுந்திருந்தா தூக்கிப் போட்டுருங்க. சேலத்துல 1980-கள்லேர்ந்து எவர்சில்வர் தகடு தயாராகுதுங்க. மோருக்கு அதான் சரி!