நாக்கு ஒட்டும் நாட்கள்

ஜூன் 4
அக்கி ஆறிவிட்டது, விலா எரிச்சல் போகவில்லை. அதற்கு இரவில் ஒரு அமிட்ரிப்டிலின். தூக்கம் வருகிறது. விடியப்புறம் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுப்பிவிடுகிறது.

ஜூன் 7
மூன்றாம் பாடத்தில் ‘ழ’ சொல்ல நாக்கு எழும்பவில்லை. பின்வாங்குக்கு நல்ல சிரிப்பு.

ஜூன் 15
ரொட்டி தண்ணீர் இல்லாமல் இறங்குவதில்லை. கீழ் லயத்துப் பெரியம்மா, “எச்சி ஊறணும்னா ஒரு வாய் வெத்தல போடு டீச்சர். எனக்கு என்னா வந்துச்சு?” என்கிறார். பாடசாலையில் ஒருவர் தேசிக்காய் சப்பச் சொல்கிறார், இன்னொருவர் இஞ்சி டொபி நீட்டுகிறார். பொகவந்தலாவை முழுக்க வைத்தியர்கள்தான்.

ஜூன் 22
மழை. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 2
ஹட்டனில் பல் வைத்தியர். சிறு கண்ணாடியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து எடுத்தார்; வரவில்லை, தோலோடு ஒட்டி இழுபட்டது. உடனே, “என்ன மருந்து குடிக்கிறீங்க?” என்றார். பிறகு ஒரு கப்பைக் கொடுத்து, ஊறுவதை எல்லாம் அதில் துப்பச் சொன்னார். சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலீட்டர்கூட ஊறாவிட்டால் குறைவாம். என் கப்பில் கொஞ்சம் நுரைதான்.

முரசு ஓரமாக இரண்டு பல்லில் சூத்தை. எச்சில்தான் புளிப்பை முறித்து, கரைந்த கல்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்குமாம். டொபி, தேசிக்காய் இரண்டுக்கும் தடை. புளோரைட் பற்பசை, சீனியில்லாத சுவிங்கம், அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர். மாத்திரையை நானாக நிறுத்தக்கூடாது. வெற்றிலை உண்டா என்றும் கேட்டார். பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கி வாயைத் திறக்கவிடாதாம், புற்றுநோயும் வருமாம்.

ஜூலை 3
பல் வைத்தியர் பேச்சோடு சொன்ன ஓர் ஆய்வைத் தேடி வாசித்தேன். 1970 முதல் 1985 வரை நோர்வேக்காரர் ஹரால்ட் லோவின் குழு நம் மலைநாட்டிலேயே டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 தொழிலாளரின் வாயைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் இல்லாதவர்கள் என்பதற்காகவே தெரிந்தெடுத்தார்கள். சூத்தை அநேகமாக இல்லை. முரசு நோய் 8 வீதம் பேருக்கு வேகமாகவும் 81 வீதம் பேருக்கு நடுத்தர வேகத்திலும் பரவ, 11 வீதம் பேர் தப்பினார்கள். காலை மாலை பிரஷ் போடும் எனக்குச் சூத்தை!

480 பேரும் ஆண்கள். கொழுந்து எடுக்கிற பொம்பளைகளின் வாய் கணக்கில் இல்லை. அந்த எரிச்சல் வேறு.

ஜூலை 11
கிளினிக்கில் மாத்திரையைப் பாதியாக்கினார்கள். வாய் கொஞ்சம் ஈரம். இரண்டு மணிக்கு விலா பற்றிக்கொண்டது.

ஜூலை 16
பெரியம்மா ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து, நகமளவு பிய்த்துத்தான் வாயில் வைக்கிறார். எத்தனையோ தடவை கூட இருந்து சாப்பிட்டிருக்கிறேன். வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் நுழையவில்லை. “வயசானா அப்புடித்தான்.”

வெள்ளிக்கிழமை சூத்தை அடைக்க ஹட்டன் போகிறேன். அவரையும் கூப்பிட்டேன். பேரப்பிள்ளையை யார் பார்ப்பது என்கிறார்.