பாட்டியின் வாழைக்கன்று

வீட்டுப் பின்புறத்தில் நின்ற ரஸ்தாளி வாழை சென்ற ஆண்டு பட்டுப்போனது. குலை தள்ளும் நேரத்தில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கின. தோட்ட வேலை தெரிந்த மாமா ஒருவர் மரத்தை வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய மட்டைகளுக்குள் பழுப்புக் கோடுகள்.

மண்ணிலுள்ள புசேரியம் என்ற பூஞ்சை வேர் வழியாக ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மரம் தாகத்தில்தான் சாகும். பருத்திச் செடியை வாட வைப்பதும் இதே பூஞ்சை இனம்தான். பயிருக்கொரு வகை உண்டு. வாழைக்கு வருவதைப் ‘பனாமா வாடல்’ என்பார்கள். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழையை வீழ்த்தியது இதுதான். அதற்கு மாற்றாக வந்த கேவண்டிஷையும் டி.ஆர்.4 என்ற வகை விடவில்லை. 1990களில் மலேசியத் தோட்டங்களில் புகுந்த அது, 2019இல் கொலம்பியாவிலும் உறுதியானது. தெளித்துக் குணப்படுத்த மருந்து இல்லை. மரத்தை அகற்றினாலும் பூஞ்சை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

செருப்பில் ஒட்டிய மண், மண்வெட்டி, மழைநீர் எல்லாமே இதைப் பரப்பும். மிக எளிதாகப் பரப்புவது கன்று. பார்க்கப் பச்சையாக இருக்கும் கன்றுக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கலாம்.

சிக்கலும் அங்கேதான் வந்தது. எங்கள் மரம், தோட்டத்தை விட்டு வெளியேறியபோது பாட்டி சாக்கில் கட்டிக் கொண்டுவந்த கன்றின் வழி வந்தது. புது வீட்டுக்கு அதில் ஒன்று வேண்டுமென்று அத்தை முன்பே சொல்லி வைத்திருந்தார். அம்மா மறுத்ததும், “எங்கம்மா வெச்ச மரம், எனக்கு இல்லையா அண்ணி?” என்று கேட்டுவிட்டார்.

“குடுத்தா உன் மண்ணும் கெட்டுப்போகும்மா” என்றார் அம்மா. அத்தை ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அம்மாவே நர்சரியில் திசு வளர்ப்புக் கன்று ஒன்று வாங்கிப்போய் அங்கே நட்டுவிட்டு வந்தார்.

வாழைக்கன்று நம்மிடையே கைமாறும் சீதனம். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது கடினம்தான். ஆனாலும் இலை மஞ்சளாகித் தொங்கும் மரத்திலிருந்து கன்று எடுக்காதீர்கள். வெட்டியதை உரக்குழியிலும் போடாதீர்கள். மண்வெட்டியையும் செருப்பையும் அங்கேயே கழுவிவிட்டு, விவசாய இலாகாவிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு வாழையாவது பிழைக்கும்.