மஞ்சட் பூவும் குடியுரிமையும்

சென்ற விடுமுறையில் தம்பிலுவிலிலிருந்து மாணவர் சிலருடன் நுவரெலியாவுக்குச் சென்றிருந்தோம். கடற்கரை மணலில் வளர்ந்த நமக்கு மலைக்குளிரே புதுமை. தேயிலைச் சரிவின் ஓரத்தில் இறகு போன்ற இலையும் உருண்டையான மஞ்சட் பூவுமாகச் செடிகள் நின்றன.

"சேர், இது நம்மட வேல மரத்தின்ட சொந்தமா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

சொந்தந்தான், பிறந்தகம் அவுஸ்திரேலியா, பெயர் வாட்டில். அழகுக்காகவும், விறகுக்காகவும், தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் ஆங்கிலேயர் ஆட்சியில் மலைநாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது.

விறகுக்கட்டுடன் வந்த தோட்டத் தொழிலாளப் பெண்ணொருவர் நின்று, "யாரும் நடாமலே வருதுங்க ஐயா, வெட்டினாலும் வருது" என்றார். உண்மையே. மண்ணுள் பல்லாண்டு உறங்கும் அதன் விதை, தீப்பட்ட பின்பும் முளைக்கும்.

இவ்வாறு வந்த இடத்தில் தானே பெருகும் செடியைக் குறிக்கவும், வந்த நாட்டில் ஒருவர் குடியுரிமை பெறுவதைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். செடிக்கு அந்த உரிமையை வழங்க எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. அதே ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, காட்டைத் தோட்டமாக்கிய மக்களையோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியை ஒத்திவைத்தது. எஞ்சியிருந்தோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

அனுப்பப்பட்டோரில் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். அங்கும் அவர்களுக்கு முன்பே வாட்டில் வேரூன்றியிருந்தது. 'சீகை' என்று பெயரும் பெற்றிருந்தது. 'சிலோன்காரர்' என்பது வந்தவர்களுக்குக் கிடைத்த பெயர்.

வாட்டில் மலைப்புல்வெளிகளை விழுங்குகிறது. பரவிய இடங்களில் அதை அகற்றுவது நியாயமே. ஆனால் செடிக்குப் போடும் கணக்கை மனிதருக்கும் போடலாமா? செடி புல்லை அழித்தது. இம்மக்களோ உழைத்து நாட்டுக்குச் செல்வம் ஈட்டினர். இரண்டையும் 'அந்நியம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பவர், கொண்டுவந்தவர் யார், இலாபம் கண்டவர் யார் என்ற கேள்விகளை மறைத்துவிடுகிறார்.

இனி வகுப்பறைக் கரும்பலகையில் 'அந்நியத் தாவரம்' என்று எழுதும்போது, அந்தச் சொல் ஒருகாலத்தில் யார்மீது எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.