கோஷ்டிக்குப் புது ஆட்கள்

மெல்லிசைக் குழு என்று எழுதினால்தான் பத்திரிகையில் அழகாக இருக்கும். ஆனால் இலங்கையில் நாங்கள் புழங்கிய சொல் கோஷ்டி. கோயில் திருவிழா நோட்டீசில் இன்ன இரவு இன்ன கோஷ்டி என்று போட்டிருந்தால், பின்னேரமே பாயும் சாக்குமாகச் சனம் வந்து இடம் பிடித்துவிடும். யாழ்ப்பாணத்துக் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்ற பெயர்களைக் கேட்டால் இன்று ரொறன்ரோவில் பேரன் பேத்தி கண்டவர்களின் முகமும் மலரும். (கோஷ்டி என்றதும் தமிழக வாசகர்களுக்குக் காங்கிரஸ் கட்சி நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.)

திருகோணமலைக்கு இந்த விடயத்தில் தனிப் பெருமை உண்டு. எம்.பி.பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள். இலங்கையிலிருந்து வெளிவந்த முதல் தமிழ் இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசும்போது பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' பாடலைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் பொப்பிசையை நாடெங்கும் கொண்டு போன அந்தக் காலத்தில், துறைமுகப் பக்கத்து இளைஞர்களுக்குக் கிற்றார் ஒரு அந்நிய வாத்தியமாகத் தோன்றவில்லை. பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை வெள்ளைக்காரர்களின் நடன இசையைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. அந்தக் கடற்படைக்கு முன்னரும் பின்னரும் அங்கே வருவோரும் போவோருமாகத்தான் இருந்திருக்கிறார்கள். துறைமுகம் என்றால் அப்படித்தான். ஆனால் 1983 க்குப் பிறகு போவோர் மட்டுமே அதிகம்.

நான் சொல்ல வந்த கோஷ்டி பிரபலமானதல்ல. பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுபதுகளின் இறுதியில் ஐந்து பேர் தொடங்கியது. 2003 இல் அதில் மிச்சமிருந்தவர் ஒருவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். கிற்றார் வாசிப்பார். பாடகர் கனடாவில், பேஸ் கிற்றார்க்காரர் ஜேர்மனியில், ஓகன் வாசித்தவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். தபேலாக்காரர் 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட நாட்களில் ஒருநாள் வீட்டை விட்டு வெளியே போனார். திரும்பவில்லை. எந்த முகாமிலும் அவர் பெயர் இல்லை என்றார்கள். நான் பத்திரிகைக்காரன் என்பதால் அவருடைய மனைவி என்னிடமும் வந்து கேட்டிருக்கிறார். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானதும் ஊரில் முதலில் திறந்தது வாய்கள். அடுத்தபடியாகத் திருவிழாக்கள் இரவு நேரத்துக்கு நீண்டன. அவ்வளவு காலமும் இருட்டுவதற்குள் சாமியை இருப்புக்குக் கொண்டுவந்துவிட்டுக் கதவைப் பூட்டிய கோயில்கள், இனி விடியவிடியக் கோஷ்டி வைக்கலாமா என்று யோசித்தன. உட்துறைமுக வீதிக்கு அண்மையில் இருந்த ஒரு சிறிய அம்மன் கோயில் தர்மகர்த்தா மாஸ்டரிடம் வந்து, "பழைய கோஷ்டிதான் வேணும்" என்றாராம். "பழைய ஆக்கள் இல்லையே" என்றார் மாஸ்டர். "ஆக்களை நீங்கள் பாருங்கோ, பேர் பழையதாய் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் தர்மகர்த்தா.

அப்படித்தான் நானும் உள்ளே வந்தேன். பள்ளிக்கூட நாட்களில் அக்கோடியன் பழகியவன். செய்தியாளனாகச் சம்பாதித்த காலத்திலும் அதைக் கைவிடவில்லை. புது ஆட்களில் வயதில் மூத்தவன் நானே. பேஸ் வாசிக்கக் கிடைத்தவர் துறைமுகத்தில் வேலைசெய்த ஒரு சிங்களவர். தமிழில் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் தேவைப்பட்டதில்லை. மாஸ்டர் அவரை 'மல்லி' என்று கூப்பிடுவார். ட்ரம்ஸ் வாசிக்க மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் பெடியன் வந்தான். தபேலாவுக்கு ஆள் அகப்படவில்லை. பாடுவதற்கு, காணாமற்போன தபேலாக்காரரின் மகள். அப்போது அவளுக்கு இருபது வயது. அவள் தாய் மாஸ்டரிடம், "நீங்கள் இருக்கிறீங்கள் என்றபடியால் விடுறன்" என்று மட்டும் சொன்னாராம்.

ஒத்திகை என்பது பெரும்பாலும் மூதூர் லோஞ்சின் நேரத்தைப் பார்த்து நடந்த ஒரு காரியம். கிண்ணியாவில் பாலம் திறந்தது 2009 இல்தான். அதற்கு முன் தரைவழியே மூதூர் போவதென்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் 'பாதை'களில் ஏறி இறங்க வேண்டும். (பாதை என்பது கிழக்கில் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் பெயர்.) ஆகவே பெடியன் கடல்வழியே வந்து கடைசி லோஞ்சுக்கு ஓடுவான். ஆறு வாரத்தில் பதினொரு முறை கூடினோம், இருபத்திரண்டு பாட்டு. ஒரு பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, "மிச்சம் உங்களுக்குத் தெரியும்தானே" என்று அடுத்த பாட்டுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. தெரியும்தான். எந்த இடத்தில் எந்த வாத்தியம் வரும் என்று மாஸ்டர் கொப்பியில் எழுதி எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி தந்திருந்தார்.

இந்த இடத்தில் கர்நாடக இசைக்காரர்கள் சிரிப்பார்கள். பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் மேடையிலேயே முதன்முறை சந்தித்து மூன்று மணிநேரக் கச்சேரியை ஒப்பேற்றிவிடுவது அங்கே சாதாரணம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தமிழகத்தின் முன்னணி நாதஸ்வரக்காரர்கள் எத்தனையோ பேருக்குத் தவில் வாசித்தவர். ஒவ்வொருவரோடும் ஆறு வாரம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஆயுள் போதியிராது. அவர்களுக்கு ராகமும் தாளமும் பொது இலக்கணம். தனி ஆவர்த்தனம் எப்படி முடியும் என்பதை மிருதங்கக்காரரின் கோர்வையே மற்றவர்களுக்குச் சொல்லிவிடும். கோஷ்டிக்கு அப்படி ஒரு பொது இலக்கணம் கிடையாது. இருப்பது சினிமாப் பாட்டின் இசைத்தட்டு மட்டுமே. அந்தத் தட்டிலிருந்து விலக வேண்டிய தருணம் வந்தால் யார் பக்கம் பார்ப்பது என்பது அந்தந்தக் கோஷ்டிக்குள் இருக்கும் இரகசியம்.

எங்கள் மாஸ்டரின் இரகசியம் அவருடைய இடது புருவம். அது உயர்ந்தால் சரணம் இன்னொரு தடவை என்று பொருள். கிற்றாரின் கழுத்து சற்றுத் தாழ்ந்தால் இந்தச் சுற்றோடு முடிவு. இருபது வருடத்தில் அவருக்கே தெரியாமல் அவரிடம் படிந்துவிட்ட பழக்கம். கொப்பியில் அது இல்லை. தனக்குத் தெரியாததை மனிதர் எப்படி எழுதுவார்?

அன்று இரவு கோயில் முன்றலில் நல்ல சனம். கோட்டைப் பக்கமிருந்து வந்த இரண்டு மான்கள் மேடையின் பின்புறத் தோரணத்தில் மாவிலையை ருசி பார்த்துக்கொண்டு நின்றன. திருகோணமலையில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. வழக்கம்போல சீர்காழியின் விநாயகர் பாடலோடு தொடங்கினோம். பெடியனுக்குக் கை நடுக்கம். பிள்ளையார் அன்று கொஞ்சம் அவசரமாகவே எழுந்தருளினார். இரண்டாவது பாட்டில் வேகம் நிதானப்பட்டது. மூன்றாவது பாட்டுக்கு முன்வரிசைச் சிறுவர்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். சனம் இளகிவிட்டது என்று கண்ட மாஸ்டர் சரணத்தை நீட்ட விரும்பினார். புருவம் உயர்ந்தது.

அதைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டியவர் 1990 இல் போய்விட்டார். பெடியன் கொப்பியில் இருந்தபடி உருட்டி, சிம்பலை அடித்து, அழகாக முடித்துவிட்டான். கிற்றார் மட்டும் அடுத்த சுற்றுக்குள் போயிற்று. என் கை அக்கோடியனில் அந்தரத்தில் நின்றது. கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு முதியவர், "டேய், தபேலா எங்கேடா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாடிக்கொண்டிருந்தவளின் காதில் அது விழுந்தது என்பது மட்டும் தெரியும்.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. லிவர்பூலும் துறைமுக நகரம்தான். பீட்டில்ஸ் குழு பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டு, 1962 ஆகஸ்ட் 18 இல் போர்ட் சன்லைட் என்ற இடத்தில், தோட்டக்கலைச் சங்கம் ஒன்றின் நிகழ்ச்சியில் முதன்முறை வாசித்தது. மறுநாள் கேவர்ன் மன்றத்தில் பெஸ்ட்டின் ரசிகர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அந்த நாட்களில் நடந்த கைகலப்பில் ஜோர்ஜ் ஹரிசனுக்குக் கண் வீங்கியது. நீக்கப்பட்டவருக்காக ரசிகர்கள் சண்டை பிடிக்கலாம். காணாமற்போனவருக்காக யாரோடு சண்டை பிடிப்பது? ட்ரம்சுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெடியனோடா?

நிற்க. அந்த மூன்றாவது பாட்டு எப்படியோ கரை சேர்ந்தது. சேர்த்தவர் பேஸ்காரர். எல்லோரும் தடுமாறிய இடத்தில் அவர் மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தத் துணையைப் பிடித்துக்கொண்டு அவள் சரணத்தைத் திரும்ப எடுத்தாள். மற்றவர்கள் பின்னால் போய் ஒட்டிக்கொண்டோம். பிறகு நான் அவரிடம் கேட்டேன், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று. அவர் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது: உங்களுக்கெல்லாம் சொற்கள் விளங்கும், ஆகவே பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தீர்கள். எனக்குச் சொல் விளங்காது, அவளுடைய தோளைத்தான் பார்ப்பேன். அவள் மூச்சு இழுத்தாள். முடிக்கப் போகிறவள் மூச்சு இழுக்கமாட்டாள்.

நான்காவது பாட்டில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். அவள் நேராகச் சனத்தைப் பார்த்து நிற்காமல், மாஸ்டர் கண்ணில் படும்படி ஒருக்கணித்து நின்றாள். இடது கை இடுப்புக்குப் பின்னால் இருந்தது. புருவம் உயர்ந்தபோது அந்தக் கையில் இரண்டு விரல் விரிந்தது. கிற்றாரின் கழுத்து தாழ்ந்தபோது விரல்கள் மூடிக்கொண்டன. பெடியன் கெட்டிக்காரன். ஒரு சரணத்துக்குள் பிடித்துக்கொண்டான். அதன்பின் அந்த இரவில் அவன் கொப்பியைத் திருப்பியதாக நான் காணவில்லை. அவன் கண் முழுக்க அந்தக் கையில்தான்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய கோஷ்டியின் ஒத்திகைகள் அவர்கள் வீட்டு விறாந்தையில் நடந்தவை. ஏழு வயதுவரை அவள் குசினி வாசலில் இருந்து பார்த்தது அப்பாவின் கையையல்ல. அப்பா பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டரின் முகத்தை. மாஸ்டரிடம் இப்படி ஒரு புருவம் இருக்கிறது என்பதை அன்று இரவு அவள் சொல்லித்தான் மாஸ்டரே அறிந்தார். "அப்படியா பிள்ளை செய்யிறனான்?" என்று கேட்டுவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். எல்லோரும் சிரித்தோம்.

விடியற்காலை மூன்றரை மணிவரை வாசித்தோம். எல்லாம் திறமாக அமைந்தது என்று சொல்லமாட்டேன். வாடகைக்கு வந்த ஒலிபெருக்கி இரண்டு முறை ஊளையிட்டது; ஒரு ஈஸ்வரி பாட்டைச் சுருதி ஒத்துவராமல் இடையில் கைவிட்டோம். ஆனாலும் தபேலா பற்றிக் கேட்ட முதியவர் கடைசிவரை போகவில்லை. அதை ஒரு நற்சான்றாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோஷ்டி 2006 வரை நின்று பிடித்தது. சுனாமிக்குப் பிறகு பல மாதங்கள் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. நாங்களும் வாத்தியத்தைத் தொடவில்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது பெடியனின் குடும்பம் ஊரோடு சேர்ந்து கந்தளாய்ப் பக்கம் ஓடிற்று. திரும்பிவந்தபோது ட்ரம்ஸ் இல்லை. சிறிது காலத்தில் அவன் கட்டாருக்குப் போய்விட்டான். பேஸ்காரர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். அவள் ஆசிரியையானாள். மாஸ்டர் இன்று இல்லை.

காசு பிரித்த விடயத்தைச் சொல்லவில்லை. கோஷ்டி வருமானத்தைக் கச்சேரி முடிந்த கையோடு அங்கேயே பிரிப்பது மாஸ்டரின் வழக்கம். 1990 க்குப் பிறகு எப்போதாவது ஒரு கலியாண வீடு, பள்ளிக்கூட விழா என்று கிடைத்தபோதெல்லாம், எத்தனை பேர் வாசித்தாலும் ஒரு பங்கு கூடுதலாகப் பிரிப்பார். அது தபேலாக்காரர் வீட்டுக்குப் போகும். பதின்மூன்று வருடம் தவறியதில்லை. அன்று கோயில் மடப்பள்ளித் திண்ணையில் வைத்து ஆறு உறைகளில் போட்டார். ஐந்து பேருக்கும் ஐந்து. ஆறாவதையும் அவளிடமே நீட்டினார்.

அவள் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மாமா, என்ரை பங்கு காணும். அப்பான்ரை இனி வேண்டாம்."

மாஸ்டர் உறையைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அதைப் பிரித்து, லோஞ்சுக் காசு என்று சொல்லிப் பெடியனின் சட்டைப்பையில் வைத்தார். முதல் லோஞ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. தர்மகர்த்தா தேத்தண்ணீர் அனுப்பியிருந்தார்.