பழைய வண்டியில் மரணப் பள்ளத்தாக்கு வரை

மரணப் பள்ளத்தாக்கு என்னும் பெயரைக் கேட்டவுடன், அங்கே போய்த்தான் ஆகவேண்டுமா என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். நாங்களும் அவ்வாறே வினவினோம். 2018ஆம் ஆண்டு அக்டோபரில், ஆறு திங்கள் மகனுடன் தங்கியிருக்கக் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்குச் சென்றோம். பயணக் களைப்பு ஆறுமுன்பே மகன் எங்களை வீட்டின் முன்புறம் அழைத்துச் சென்று காட்டிய பொருள் ஒரு பழைய பிக்கப் வண்டி. 1996ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்கள், 4.9 லிட்டர் இன்ஜின், இரண்டு பெட்ரோல் டாங்குகள்; ஒன்று தீர்ந்தால் மற்றதற்கு மாற்றிக்கொள்ள ஓட்டுநர் முன்னால் ஒரு சுவிட்சு. அதன் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல, படுக்கையும் அடுப்பும் உள்ள சிறியதொரு வீட்டு வண்டியையும் மலிவாக வாங்கியிருந்தார். பிள்ளையைப் பாலைவனத்தில் தங்கவைத்து விண்மீன்களைக் காட்ட வேண்டுமாம்.

எங்களுள் ஒருவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக உழைத்து ஓய்வு பெற்றவர். மற்றவர் அதே முப்பத்திரண்டு ஆண்டுகள் அவருடைய கிரீஸ் படிந்த காக்கிச் சட்டையைத் துவைத்தவர். ஆகவே வண்டியைப் பற்றிய கருத்து இருவருக்குமே உண்டு. இன்ஜினைப் பற்றி மகன் பெருமையுடன் விவரித்து முடித்தபின் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றே: "இதெல்லாம் சரி தம்பி, பின்வண்டிக்குப் பிரேக் பிடிக்கிறதா?"

"இருக்கிறதப்பா. சின்ன வண்டிதானே, இந்த இன்ஜினுக்கு அது ஒரு பாரமா?"

கேட்ட கேள்விக்கு அது விடையன்று. ஆயினும் வந்த இடத்தில் முதல் நாளே மகனைக் குறுக்கு விசாரணை செய்வானேன் என்று வாளாவிருந்துவிட்டோம். அது எங்கள் பிழை.

நவம்பரில் புறப்பட்டோம். மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர். தெஹாச்சபி மலையைக் கடந்து மொஹாவி ஊரை அடைந்து, வடக்கே திரும்பி ஒலான்ச்சா வரை சென்று, அங்கிருந்து 190ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிப் பாலைக்குள் நுழைய வேண்டும். வழியில் ஒரு மலை விளிம்பில் வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்க இடம் அமைத்திருக்கிறார்கள். அதற்குக் குரௌலி அடிகளார் பெயர். அயர்லாந்தில் பிறந்து, இந்தப் பரந்த வறண்ட பகுதியில் மறைப்பணியாற்றிய ஜான் குரௌலி அடிகளார், 1940ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் உயிர் துறந்தார். வடக்கே ஓர் ஏரிக்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். மணிக்கணக்காக ஊரே கண்ணில் படாத அந்தச் சாலைகளை, அந்நாளைய மோட்டாரில் அவர் எத்தனை முறை கடந்திருப்பார் என்று வியந்தோம்.

பனமின்ட் பள்ளத்தாக்கில் இறங்கி மறுபக்கம் ஏறுவதே பெரிய ஏற்றம். டவுன் கணவாயின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 1,511 மீட்டர். இன்ஜின் கொதித்துவிடாமலிருக்கக் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஏறினோம். ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொள்ளத் தண்ணீர்த் தொட்டிகளைச் சாலையோரம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு அது தேவைப்படவில்லை. ஆறு சிலிண்டரும் சளைக்காமல் இழுத்தன. மகன் முகத்தில் வெற்றிக் களிப்பு.

உச்சியிலிருந்து ஸ்டவ்பைப் வெல்ஸ் சுமார் 27 கிலோமீட்டர். அதற்குள் 1,500 மீட்டர் இறங்கி ஏறக்குறையக் கடல்மட்டத்தை அடைந்துவிடுகிறது சாலை. நம் மலைப்பாதைகள் போல் கொண்டை ஊசி வளைவுகள் அதிகமில்லை. நேராக, அகலமாக, பார்ப்பதற்குச் சாதுவாகக் கிடக்கிறது. ஏமாற்றுவதும் அதுவே. மகன் மேல் கியரிலேயே வண்டியை விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினார். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது நம் ஊர் மலைப் பேருந்து ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிந்த பாடம். வாயெடுத்துச் சொல்லுமுன் பிரேக் லைனிங் கருகும் வாடை வந்துவிட்டது. அந்த வாடை எங்கள் வீட்டுக்குப் பழக்கமானது.

"அப்பா, பெடல் கீழே போகிறது" என்றார் மகன். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. பின்னால் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள்.

"இரண்டாம் கியருக்கு மாற்று. பதறாதே. பெடலை விட்டு விட்டு மிதி."

இன்ஜின் அலறியது, வேகம் சிறிது சிறிதாகக் குறைந்தது. பின்வண்டி எங்களை முதுகில் கைவைத்துத் தள்ளுவதை இருக்கையிலேயே உணர்ந்தோம். சாலையோரம் சரளை விரிந்த இடம் ஒன்று தென்பட, கைப்பிரேக்கின் துணையோடு அதில் ஏற்றி நிறுத்தினார். முன் சக்கரங்களிலிருந்து புகை எழுந்தது. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொலைவில் போய் நின்றார். ஒரு மணி நேரம் எவரும் பேசவில்லை.

பிறகு இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம். இருட்டிய பின் முகாமில், டார்ச் விளக்கு வெளிச்சத்தில் பின்வண்டியின் மின்கம்பிகளைப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. அதன் பிரேக் மின்சாரத்தால் இயங்குவது. இரு வண்டிகளையும் இணைக்கும் பிளக்கில் ஒரு கம்பி பச்சைப் பாசம் பிடித்து அறுந்திருந்தது. விளக்குகள் எரிந்தன, பிரேக் மட்டும் செத்துக் கிடந்தது. ஏறக்குறைய 1,400 கிலோ எடையுள்ள வண்டியை, முன்வண்டியின் பிரேக் ஒன்றே தாங்கி வந்திருக்கிறது. 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள இத்தகைய வண்டிக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம்.

மறுநாள் ஃபர்னஸ் கிரீக் அருகே ஹார்மனி போராக்ஸ் ஆலையின் எச்சங்களைப் பார்க்கச் சென்றோம். 1913ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று 56.7 டிகிரி வெப்பம் பதிவான இடம் இந்த ஃபர்னஸ் கிரீக்தான். 1883 முதல் 1889 வரை இங்கிருந்து வெண்காரக் கனிமத்தை மொஹாவி இரயிலடிக்கு வண்டிகளில் கொண்டு சென்றிருக்கிறார்கள். பதினெட்டுக் கோவேறு கழுதைகளும் இரண்டு குதிரைகளும் பூட்டி, இரண்டு பெருவண்டிகளையும் அவற்றின் பின்னால் 1,200 காலன் தண்ணீர்த் தொட்டியையும் சேர்த்து இழுக்கும். மொத்தம் முப்பது டன்னுக்கு மேல். 165 மைல் தொலைவுக்குப் பத்து நாள். பின் சக்கரங்கள் ஆளுயரத்தை விஞ்சி நிற்கின்றன. நாங்கள் உற்று நோக்கியது வேறொன்றை. ஓட்டுநரைத் தவிர உதவியாள் ஒருவர் எப்போதும் உடன் செல்வாராம். சமைப்பது, கழுதைகளைப் பேணுவது தவிர, இறக்கத்தில் பின்வண்டியின் பிரேக்கை இயக்குவதும் அவர் பொறுப்பு. மகன் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அப்போதே பின்னாலும் பிரேக்குக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் அப்பா" என்றார். நாங்கள் அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏற்ற இறக்கம் குறைந்த கிழக்குப் பாதையில், பேக்கர் ஊர் வழியாகச் சுற்றி வீடு திரும்பினோம். தெஹாச்சபி இறக்கத்தில் லாரிகளின் பின்னால் நத்தையாக ஊர்ந்தோம்.

அடுத்த மூன்று மாதச் சனிக்கிழமைகள் வண்டிக் கொட்டகையில் கழிந்தன. பிரேக் ஆயில் பழைய காப்பி டிக்காக்ஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 வகை ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரமேறினால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அழுத்தினால் சுருங்கும். பெடல் தரையைத் தொடும். கணவாயில் நிகழ்ந்தது இதுவே. ஒருவர் வண்டிக்கடியில் படுத்து நிப்பிளைத் திறக்க, மற்றவர் மேலே அமர்ந்து "மிதி" என்றால் மிதித்து, "பிடி" என்றால் பிடித்து, நான்கு சக்கரங்களிலும் தெளிந்த ஆயில் வரும்வரை காற்றெடுத்தோம். எங்கள் இல்லறத்தில் ஒருவர் சொல்லுக்கு மற்றவர் இவ்வளவு கீழ்ப்படிந்த நாள் வேறில்லை.

பின்வண்டி டயர்களில் கட்டை நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் பொறித்த எண் 2309. அதாவது 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும். மகனுக்கு மனமில்லை, இருப்பினும் மாற்றினார். பிளக்கும் கம்பியும் புதிதாயின. பின்வண்டியின் பிரேக்கை மட்டும் தனியே இயக்கும் சிறு நெம்புகோல் ஒன்று ஓட்டுநர் கையருகே வந்தது. கொக்கி விட்டுப் போனால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் சிறிய பாட்டரியும் செத்திருந்தது; அதையும் மாற்றினோம். கியர் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்கு முன்னால் கூடுதலாக ஒரு குளிர்விப்பான் பொருத்தினார்.

எடை மேடையில் நிறுத்திப் பார்த்ததில் மற்றொரு பிழை வெளிப்பட்டது. பின்வண்டி எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின்மேல் அமர வேண்டும். தண்ணீர்க் கேன்களையெல்லாம் பின்கோடியில் வைத்திருந்ததால் முன்புறம் எழும்பி, காற்றில் ஆடியிருக்கிறது. அச்சுக்கு முன்னால் நகர்த்தினோம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது அங்கே கணக்கு. ஐவருக்கு அது சிறிய எடையன்று.

பிக்கப் வண்டியின் பின்தட்டுக்கும் மூடி போட்டு, பிளைவுட் பலகையால் படுக்கை அமைத்து, அடியில் இழுப்பறைகள் செய்தார்கள். ஒன்றில் ஜாக்கியும் ஸ்பேனர்களும். ஒன்றில் குக்கரும் அஞ்சறைப் பெட்டியும். சன்னல்களுக்குப் பழைய சுங்குடிச் சேலை திரையாயிற்று.

2019 பிப்ரவரியில் மீண்டும் புறப்பட்டோம். டவுன் கணவாய் உச்சியில் மகன் வண்டியை நிறுத்தி, சங்கிலிகளையும் பிளக்கையும் பார்த்துவிட்டு, இரண்டாம் கியரில் இறங்கத் தொடங்கினார். வேகம் கூடும்போது அழுத்திப் பிடித்து உடனே விட்டுவிடுவார். பின்வண்டி எங்களைத் தள்ளவில்லை. கைப்பிடித்த குழந்தைபோல் கூடவே வந்தது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக முந்திச் சென்றன. ஒருவர் ஹாரன் அடித்துக் கையையும் ஆட்டினார். போகட்டும் என்று விட்டோம்.

ஸ்டவ்பைப் வெல்ஸ் முகாமில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியதும், மகன் ஒவ்வொரு சக்கரத்தருகேயும் குனிந்து உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். பேத்தியும் அவ்வாறே செய்தாள்.

"அப்பா, பின்வண்டிச் சக்கரமும் சூடாகத்தான் இருக்கிறது!"

அது தன் பங்கு வேலையைச் செய்திருக்கிறது என்று அதற்குப் பொருள். மணற்குன்றுகளுக்குமேல் முதல் விண்மீன் தெரிந்தது. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், பாத்திரம் கழுவ உதவும் என்று உள்ளிருந்து குரல் வந்தது.