எனக்கும் வட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம்

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் என்பது என்னோடு படிப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதிலும் வட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். பத்தாம் வகுப்பில் வட்டக் கணக்கு வந்தால் அழகாக ஒரு வட்டத்தை மட்டும் வரைந்து வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அப்புறம் காமர்ஸ் குரூப். "பிடிச்சுத்தான் எடுத்தேன்" என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். கணக்குக்குப் பயந்து எடுத்தேன். (பி.காமில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எனக்காகக் காத்திருந்தது தனிக்கதை!)

போன வாரம் பத்தாவது படிக்கும் என் தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, நானும் காமர்ஸே எடுத்துக்கறேன். இந்த வட்டம் எனக்குச் சுத்தமா வரல."

சுருக்கென்றது. காமர்ஸ் ஒன்றும் மட்டமில்லை. ஆனால் அவள் சொன்ன காரணம் என்னுடைய காரணம்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 13 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 24 செ.மீ. நீளமுள்ள ஒரு நாண். மையத்திலிருந்து நாண் எவ்வளவு தூரம்? ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு, அதோடு சரி. அதுவும் டப்பா மூடியை வைத்து வரைந்த வட்டம். காம்பஸைத் தொலைத்துவிட்டாளாம்.

"மையம் எங்கடி?"

"தெரியாது."

அங்கேதான் எனக்கும் பிடிபட்டது. மையமே இல்லாத படத்தில் 13ஐ எங்கே எழுதுவது? கேள்வியில் இருக்கும் எண்ணைப் படத்தில் எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல்தான் நானும் அன்று முழித்திருக்கிறேன்.

பழைய நோட்டு அட்டை ஒன்றை எடுத்தேன். அட்டையின் மூலை செங்கோணம்தானே? அந்த மூலையை வட்டத்தின் விளிம்பில் வைத்து, அட்டையின் இரண்டு ஓரங்களும் வட்டத்தை வெட்டும் இடங்களில் புள்ளி வைத்துச் சேர்த்தோம். அது விட்டம். மூலையை வேறு இடத்துக்கு நகர்த்தி இன்னொரு விட்டம். இரண்டும் வெட்டிக்கொண்ட இடம், மையம்! 'அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்' என்று நான் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த தேற்றம்தான் இது, திருப்பிப் போட்டால்.

யூக்ளிட் சுமார் கி.மு. 300ல் எழுதிய 'எலிமெண்ட்ஸ்' நூலின் மூன்றாம் பகுதி முழுக்க வட்டம்தான். அதில் முதல் கணக்கே, கொடுத்த வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிப்பது. பெரியவர் சரியான இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார்.

மையம் கிடைத்த பிறகு மீதி சுலபம். மையத்திலிருந்து நாணின் ஒரு முனைக்குக் கோடு போடச் சொன்னேன். அது ஆரம், 13. மையத்திலிருந்து நாணுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. அது நாணைச் சரிபாதியாக வெட்டும், எனவே 12. இப்போது அங்கே ஒரு செங்கோண முக்கோணம். 169லிருந்து 144 போனால் 25. விடை 5 செ.மீ.

"இவ்ளோதானா?" என்றாள்.

அடுத்தது தொடுகோடு. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, மையத்திலிருந்து அதன் தூரம் 25, தொடுகோட்டின் நீளம் 24, ஆரம் என்ன? நான் வாயைத் திறக்கவில்லை. தொடும் இடத்துக்கு ஆரத்தை அவளே வரைந்தாள், அங்கே செங்கோணம் என்று குறித்தாள், 7 என்று எழுதினாள். எனக்குத்தான் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

எந்த குரூப் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. காமர்ஸே எடுக்கட்டும், என் பழைய புத்தகமெல்லாம் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் வட்டத்துக்குப் பயந்து எடுக்க வேண்டாம். அந்த வேலையை இந்த வீட்டில் ஒருத்தன் செய்தது போதும்.

நம்பாதவர்கள் ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, ஒரு நோட்டு அட்டையோடு உட்கார்ந்து பாருங்கள். மையம் கண்டிப்பாகக் கிடைக்கும்.